இணைய ஏலத்தில் மாதிரி கார் கடைசி நொடியில் கைநழுவுவது ஏன்?

சேகரிப்புக்கான மாதிரி கார் (நிஜக் காரின் சிறிய வடிவம்) ஒன்றுக்கு அதிக விலை கேட்டு ஐந்து நாள் முன்னிலையில் இருந்தும், ஏலம் முடியும் கணத்தில் வேறொருவர் தட்டிச் செல்வது ஏன் என்பது கேள்வி. இதுதான் கடைசி நொடிக் கேட்பு: ஏலம் மூடச் சில நொடிகளே இருக்கும்போது விலை கேட்பது.

காரணம் கடிகாரம். நேரடி ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவும்போது புதிய விலை வந்தால், அந்த எண்ணிக்கையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தின் ஏலத்தில் முடியும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. கடைசி நொடியில் விலை ஏறினாலும் பொதுவாக அது நீளாது. பதிலுக்குக் கேட்க உங்களுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. நாற்காலி ஆட்டத்தைப் போலத்தான்: இசை நிற்கும்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே கணக்கு.

உற்பத்தி நின்றுபோன 1:43 அளவு (அசலில் 43-இல் ஒரு பங்கு) மாதிரி காரை ஆண்டுக்கணக்கில் தேடியவருக்கு இது உண்மையாகவே வலிக்கும். என் முறை இதுதான்: தாங்கக்கூடிய உச்ச விலையை முதலில் முடிவுசெய்து, அதை ஒரே தடவையில் கொடுத்துவிடுவேன். தளம் அதை மறைத்து வைத்துக்கொண்டு, எதிராளியை மிஞ்சத் தேவையான அளவு மட்டுமே ஏற்றும்.

கடைசியில் வந்தவர் வேகத்தால் மட்டுமே வென்றார் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் பதிந்திருந்த உச்ச விலையைவிட அவருடையது அதிகமாக இருந்தால்தான் அவர் வெல்ல முடியும்.