கூதல் காலையில் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள பாடசாலைக்குத் தினமும் 100 சிசி மோட்டார் சைக்கிளில் சென்றுவரும் ஆசிரியை நான். கார்த்திகை பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவதே இல்லை. பட்டனை அழுத்திக் களைத்து, கடைசியில் அயல்வீட்டுத் தம்பியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதே வண்டி பாடசாலை விட்டதும் ஒரே அழுத்தில் இயங்குகிறது. கூதல்தான் காரணம், கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் அடைப்போ தேய்மானமோ இருந்தால் வண்டி நண்பகலிலும் இழுவையின்றித் திணறும், ஓடும்போது நின்று நின்று போகும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை.

குளிரில் எஞ்சின் அடம்பிடிப்பதற்குப் பெற்றோல் சரிவர ஆவியாகாமை, ஒயில் தடித்துப்போதல், பற்றரி சோர்தல் ஆகிய மூன்றும் காரணங்களாகும். ஆனால் மட்டக்களப்பில் தை மாத அதிகாலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸுக்குக் கீழே போவதில்லை. அந்த அளவில் இந்த மூன்றும் ஒரு நல்ல வண்டியை நிறுத்திவிடும் வலிமை உள்ளவையல்ல. ஏற்கனவே இருக்கும் சிறு குறையைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். வடகீழ்ப் பருவக் காலத்தில் நம் பகுதியில் வண்டியைப் படுக்க வைப்பது கூதலைவிட ஈரமே என்பது என் கணிப்பு. பிற்பகலில் வண்டி உடனே இயங்குவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும், காலையில் அத்தனை தூரம் ஓடியதில் பற்றரி சற்று ஏறியிருக்கும், வெயிலில் ஈரமும் காய்ந்திருக்கும் என்பதால், இரண்டில் எது குற்றவாளி என்பதை அந்த ஒரு குறிப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆகவே நாளைக் காலை பட்டனை அழுத்தும்போது சத்தத்தைக் கேளுங்கள். "டக், டக்" என்று மட்டும் கேட்டாலோ, எஞ்சின் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றாலோ, பிழை பற்றரியின் பக்கம் இருக்கிறது. உடனே கிக்கரை மிதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மிதியில் இயங்கிவிட்டால் சந்தேகமே இல்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பற்றரியில் வோல்ற் மீற்றரை வைத்துப் பார்க்கும்போது 12.6 வோல்ற் அளவில் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான். எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது அதே மீற்றர் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் வண்டி பற்றரியைச் சரியாக ஏற்றுவதில்லை, புதிய பற்றரி வாங்கிப் போட்டாலும் சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடும். மீற்றர் வைப்பதற்கு முன்னர் ஆசனத்தையோ பக்க மூடியையோ கழற்றி, பற்றரி முனைகளைக் கண்ணால் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கும் எழுவான்கரையாரின் வண்டிகளில் உப்புக் காற்று அந்த முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து நிற்பது வழக்கம். முனைகளைக் கழற்றி (கழி அடையாளம், அதாவது −, உள்ள முனையை முதலில்), சுடுநீர் தொட்ட பழைய பல் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாஸ்லின் பூசிவிட்டால் பல வண்டிகளின் நோய் அத்துடன் தீர்ந்துவிடும்.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பற்றரியை விட்டுவிடுங்கள். (வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு நிறுத்தச் சுவிச்சைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிடுவதுண்டு, அதை முதலில் பார்த்துக்கொள்வதில் வெட்கமில்லை.) குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையில் பெற்றோலைக் கூட்டித் தரும் சோக்கை முழுதாக இழுத்து, அக்சிலரேற்றரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். நம்மவர்களில் பலர் சோக்கையும் இழுத்து, கைப்பிடியையும் முறுக்கு முறுக்கென்று முறுக்குவார்கள். சோக்குக்குப் பயன் இல்லாமற் போவது ஒருபுறம், பெற்றோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, பற்றவைக்கும் பொறியைத் தரும் பிளக் நனைவது மறுபுறம். பெற்றோல் மணம் குப்பென்று அடித்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்போது சோக்கை மூடி, அக்சிலரேற்றரை முழுவதும் திறந்து பிடித்தபடி சில தடவை மிதித்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். வண்டி இயங்கியபின் அரை நிமிடம் அளவில் சோக்கை மெல்ல இறக்கிவிடுங்கள். சோக்கின் கம்பி இறுகியோ அறுந்தோ போயிருந்தால் காலையில் மட்டும் தொல்லை தரும் என்பதால், அதை இழுக்கும்போது கார்புரேட்டர்ப் பக்கம் நெம்பு உண்மையாகவே அசைகிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது பிளக். மழையில் நின்ற வண்டியின் பிளக் மூடிக்குள் ஒரு துளி நீர் இருந்தாலே பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் வழியில் கசிந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தடித்த வயரிலோ மூடியிலோ வெடிப்பு இருந்தால், விடியுமுன் இருட்டில் ஒருவர் மிதிக்க மற்றவர் பார்த்தால், அந்த இடத்தில் நீலப் பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். மாற்ற வேண்டியது அதைத்தான்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் சிறு வடிகால் திருகைத் தளர்த்தி, வழிவதை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதோ அருகில் நெருப்பு இருக்கும்போதோ இதைச் செய்யக் கூடாது. போத்தலைச் சரித்தால், அடியில் கண்ணாடி மணிகளைப் போல உருண்டு ஓடும் துளிகள் தெரிந்தால் அது நீர். பெற்றோலைவிடக் கனமானதால் அது எப்போதும் அடியில் தங்கி, காலையில் முதலாவதாக எஞ்சினுக்குப் போகும். பெற்றோல் தாங்கியின் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிவதற்கென ஒரு சிறு துளை பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அது மண்ணடைத்துப் போனால் நீர் உள்ளே இறங்க வழி தேடும். மெல்லிய கம்பி ஒன்றால் துளையைத் திறந்துவிட்டு, மாரி முடியும்வரை இரவில் வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்துங்கள். தாங்கியில் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கட்டும்.

கேள்வி: ஒக்ரேன் 95 பெற்றோல் அடித்தால் காலையில் வண்டி இலகுவாக ஸ்டார்ட் ஆகும் என்கிறார்களே? (ஏறாவூர் வாசகர்)

பதில்: ஆகாது. ஒக்ரேன் எண் என்பது அழுத்தத்தில் பெற்றோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் திறனின் அளவு மட்டுமே. குளிரில் எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதை அது சொல்வதில்லை. உங்கள் வண்டியின் கைநூல் 92 போதும் என்றால் 92 போதும்.

கேள்வி: சம்மாந்துறையில் வயல் செய்பவன் நான். சென்ற மழைக்கு வாய்க்கால் பெருகி வீதிக்கு மேலால் ஓடியபோது அதற்குள் வண்டியை விட்டேன், நடுவில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து எவ்வளவு மிதித்தும் பயனில்லை. கிக்கரும் பாதியில் இறுகி நிற்கிறது.

பதில்: மிதிப்பதை உடனே நிறுத்துங்கள், பட்டனையும் தொட வேண்டாம், தள்ளியும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கிக்கர் பாதியில் இறுகுகிறது என்றால் சிலிண்டருக்குள் நீர் இருக்கக்கூடும். பெற்றோல்-காற்றுக் கலவையைப் பிஸ்ரன் நசுக்கும். நீரை நசுக்க முடியாது. பலவந்தப்படுத்தினால் பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதன்பின் இது கூதல் காலைப் பிரச்சினையாக இராது, எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

சாவியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி எடுத்துவிட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். நீர் இருந்தால் பிளக் துளை வழியாகச் சீறி வரும். முகத்தை அருகில் வைக்க வேண்டாம். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். கடதாசி வடிகட்டி ஊறியிருந்தால் அதைக் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காமல் புதியது போடுங்கள். ஸ்பொஞ்சு என்றால் கழுவி, காயவைத்து, கைநூல் சொன்னால் சிறிது ஒயில் தடவிப் போடலாம். கார்புரேட்டர்க் கிண்ணத்தை முன்னர் சொன்னபடி வடித்துவிடுங்கள். பிறகு ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள்: பால் தேநீரின் நிறத்தில் கலங்கி வந்தால் ஒயிலுக்குள் நீர் போயிருக்கிறது என்று பொருள். அந்த ஒயிலுடன் எஞ்சினைச் சிறிது நேரமும் ஓடவிடக் கூடாது. மாற்றி, ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் கலங்கினால் இன்னொரு தடவை மாற்றுங்கள். இரண்டு தடவை ஒயில் வாங்குவது உங்களுக்கு வீண் செலவாகத் தோன்றலாம், ஆனால் பெயரிங் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது மலிவு. சக்கரங்களின் பிரேக் ட்ரம்முக்குள்ளும் சேறு புகுந்திருக்கும் என்பதால் வீதிக்கு ஏற்றுமுன் அதையும் கழுவுவித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தை மாதத்தில் நண்பர்களுடன் வாழைச்சேனையிலிருந்து நுவரெலியாவுக்குப் போக இருக்கிறோம். எங்களில் ஒருவருடையது பழைய 150 சிசி வண்டி, ஒருவருடையது புதிய இன்ஜெக்ஷன் வண்டி, மற்றது ஸ்கூட்டர். அங்கே காலையில் ஸ்டார்ட் ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கூதல் என்ற சொல்லுக்கு அங்கேதான் உண்மையான பொருள் உண்டு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசி அதிகாலைகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவதும், சில நாட்களில் புல்லில் வெண்பனி உறைவதும் வழமை. மட்டக்களப்பில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த பற்றரி அங்கே முதல் இரவிலேயே கைவிரிக்கும். ஆகவே புறப்படுமுன் மூன்று வண்டிகளின் பற்றரிகளையும் சோதியுங்கள். மூன்று வருடம் கடந்ததை நம்ப வேண்டாம்.

பழைய வண்டிக்கு இரண்டு ஆலோசனைகள். ஒயில் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் போகுமுன் மாற்றிவிடுங்கள்; பழைய, கறுத்த ஒயில் குளிரில் இன்னும் இறுகும். கைநூல் அனுமதித்தால் 20W-40க்குப் பதில் 10W-30 போடலாம், ஏனெனில் W-வுக்கு முன்னால் உள்ள எண் சிறிதானால் அந்த ஒயில் குளிரிலும் இலகுவாக ஓடும். காலையில் சாவியைத் திறக்காமல் நாலைந்து தடவை மெல்ல மிதித்துவிட்டு, அதன்பின் சோக்குடன் ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால் கார்புரேட்டர் வண்டியில் கலவை தானாகவே சற்றுச் செறிவாகிவிடும். எஞ்சின் பிடித்தவுடன் சோக்கை நம்மூரைவிடச் சீக்கிரமாகவே இறக்கிப் பாருங்கள். இழுவை குறைந்துவிட்டதென்று அங்கே யாரிடமும் கொடுத்துத் திருகுகளைத் திருப்ப வேண்டாம், மலை இறங்கினால் தானாகச் சரியாகும்.

கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலை மின்கருவியால் அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிக்குச் சோக் இல்லை. வெப்பத்தை உணரும் கருவியைக் கொண்டு அதுவே பெற்றோலைக் கூட்டிக்கொள்ளும். சாவியைத் திறந்து, தாங்கிக்குள் பம்பு "ஸ்ஸ்" என்று ஓடி அடங்கும்வரை இரண்டு விநாடி பொறுத்து, அதன்பின் பட்டனை அழுத்துங்கள். பற்றரி முற்றாக இறந்தால் இந்த வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய இயலாமற் போகலாம், ஏனென்றால் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். பழைய வண்டியையோ இரண்டாம் கியரில் தள்ளி எழுப்பிவிடலாம். ஸ்கூட்டரைத் தள்ளிப் பயனே இல்லை. அதன் பெல்ற்றும் கிளச்சும் சக்கரத்தின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொண்டு செல்வதில்லை. கிக்கர் இருந்தால் அதை இப்போதே மிதித்துப் பழகுங்கள், பல ஸ்கூட்டர்களில் பாவிக்காமலே அது இறுகிக் கிடக்கிறது. எஞ்சினில் சுடுநீர் ஊற்றுவதும் கீழே நெருப்பு மூட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நனைந்த பிளக்கை அடுப்பில் சுட்டுப் போடுவது சரியா? (திருக்கோவில் வாசகி)

பதில்: காயவைப்பதற்காக இலேசாகச் சூடு காட்டுவதில் பெரிய பிழை இல்லை. சிவக்கச் சுட்டால் வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு ஈரமில்லாத நாளிலும் பொறி கசியும். பெற்றோலில் நனைந்த பிளக்கை வெளியே காற்றாட வைத்துத் துடைத்த பிறகே அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். பித்தளைக் கம்பித் தூரிகையால் கரியைத் தட்டி, நுனி இடைவெளி கைநூலில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வண்டிகளில் அது பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒரு புதிய பிளக்கையும் அதைக் கழற்றும் சாவியையும் பொலித்தீனில் சுற்றி ஆசனத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் அடுப்புக்கே வேலை இராது.