‘கவனக்குறைவு’ என்று பதினோரு முறை எழுதியவன்

(முப்பது வருடத்துக்கு மேல் தரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: தயாரிப்பில் குறை வந்தால், குறை அறிக்கையின் ‘மூல காரணம்’ கட்டத்தில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்றும், ‘திருத்த நடவடிக்கை’ கட்டத்தில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்றும் எழுதி ஃபைலை மூடுகிறோம். தர ஆய்வுக்கு வரும் ஆடிட்டரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதே குறை இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருகிறது. எங்கே கோட்டை விடுகிறோம்?

பதில்: அந்த இரண்டு கட்டத்திலும்தான். இப்படி எழுதுவதில் நான் கைதேர்ந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இடது, வலது என்று ஒரு ஜோடி பிராக்கெட் இருந்தது. ஓர் ஓட்டை மட்டும் நான்கு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள். அடிக்கடி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டிவிடுவார்கள். நானும் அடிக்கடி அதே இரண்டு வரியை எழுதிவிடுவேன். ஒருநாள் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி எண்ணினேன். பதினோரு முறை எழுதியிருக்கிறேன். மாட்டியவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் கவனம் தப்புகிறது என்றால் கோளாறு ஆளிலா, இடத்திலா?

அப்புறம்தான் லைனுக்குப் போய் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றேன். இரண்டு தொட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில் இருந்தன. மாட்டுகிறவரின் கண் ஸ்க்ரூவில் இருக்கும், கை மட்டும் தொட்டிக்குப் போகும். “சார், இதைப் போன வருஷமே சொன்னேனே” என்றார். யாரிடம் என்று கேட்டேன். “உங்ககிட்டதான்.”

பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரில் ஒரு பின் வைத்தோம். தப்பான பிராக்கெட் அதில் உட்காரவே உட்காராது. பன்னிரண்டாவது முறை எழுதும் வேலை எனக்கு வரவில்லை.

தவறே நடக்க முடியாதபடி செய்யும் இந்த வகை ஏற்பாட்டுக்குப் போகா-யோகே என்று பெயர். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961-ல் ஒரு சுவிட்ச் தயாரிப்பில் இதைச் செய்தார். பொத்தானுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், ஒன்றை மறந்துவிடுவார்கள். முதலில் இரண்டையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் மாட்டச் சொன்னார். தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் இதை ‘பாகா-யோகே’, அதாவது முட்டாள் தடுப்பு என்றுதான் சொல்லிவந்தார்கள். “நான் என்ன அவ்வளவு முட்டாளா?” என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை மாற்றினார். ‘போகா’ என்றால் கைத்தவறு. தமிழில் எழுதினால் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம்!

ஆடிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். திருத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சர்வதேசத் தர நிர்ணயம். ‘பலன் தந்தது’ என்று கையெழுத்துப் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். நடவடிக்கை எடுத்த அன்றைக்கே அதையும் போட்டிருந்தால், யாரும் எதையும் பார்க்கவில்லை.

கேள்வி: ரிஜெக்‌ஷன் (குறைக்காக ஒதுக்கும் பொருள்) ஒரு வாரம் 2 சதவீதம், அடுத்த வாரம் 2.7. ஏறினால் மேலாளர் விளக்கம் கேட்கிறார், இறங்கினால் பாராட்டுகிறார். நாங்களோ இரண்டு வாரமும் ஒரே மாதிரிதான் வேலை செய்தோம்!

பதில்: நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். அமெரிக்கத் தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் பாசி மணிகளை வைத்து ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள். 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழி உள்ள ஒரு மட்டையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் குறை. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகமாக எடுத்தவருக்குத் திட்டு. முதலில் சிரிப்பு வரும். அப்புறம் நம்முடைய வாராந்தரக் கூட்டம் ஞாபகம் வரும்.

ஐந்தில் ஒன்று சிவப்பு என்பதால் சராசரி 10. ஆனால் ஒருவருக்கு 2 வந்தாலும் இன்னொருவருக்கு 18 வந்தாலும் அதில் அவர்களுடைய திறமையோ சோம்பலோ எதுவும் இல்லை. சராசரிக்கு இரு பக்கமும் மூன்று திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) போட்டால் கிடைக்கும் எல்லை அது. 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சின்னக் குறிப்பில் வரைந்து கொடுத்த கட்டுப்பாட்டு வரைபடத்துக்கு அடிப்படை இதுதான்.

கடந்த 25 வாரக் கணக்கை எடுத்து அப்படி ஒன்று வரையுங்கள். 2.7 எல்லைக்குள் இருந்தால் ‘இந்த வாரம் ஏன் ஏறியது’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ‘எப்போதும் ஏன் இரண்டுக்கு மேலேயே ஓடுகிறது’ என்று கேட்கலாம். அதற்குப் பெட்டியில் இருக்கும் சிவப்பு மணியைக் குறைக்க வேண்டும். அது மட்டை பிடித்தவர் கையில் இல்லை. மேலாளரிடம் இதைச் சொல்லும் முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி: சிக்ஸ் சிக்மா என்ற தர முறையில் பத்து லட்சத்துக்கு 3.4 குறைதான் வரும் என்கிறார்கள். புள்ளியியல் அட்டவணையில் பார்த்தால் கணக்கு இடிக்கிறதே?

பதில்: இடிக்கத்தான் செய்யும். சிக்மா என்பது திட்ட விலக்கம். சராசரிக்கு இரு பக்கமும் ஆறு திட்ட விலக்கம் தள்ளி எல்லை இருந்தால், அட்டவணைப்படி நூறு கோடியில் 2 குறைதான். நாளாக நாளாகச் சராசரி 1.5 விலக்கம் நகர்ந்துவிடும் என்று இந்த முறையைத் தொடங்கிய மோட்டோரோலா நிறுவனத்தில் வைத்துக்கொண்டார்கள்; மிச்சம் 4.5, அதற்குத்தான் 3.4. எல்லா மெஷினும் ஒரே அளவு நகரும் என்பதை நான் நம்பவில்லை. உங்களுடையது எவ்வளவு நகர்கிறது என்று அளந்துவிடுங்கள்.

கேள்வி: ஆலோசனைப் பெட்டி வைத்து ஒரு வருடம் ஆகிறது. முதல் மாதம் நிறைய சீட்டு விழுந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை. பரிசுத் தொகையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். முதல் மாதம் விழுந்த சீட்டுகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? முடியாது என்றாலும் எழுதியவரிடம் நேரில் போய் ஏன் முடியாது என்று சொல்லியாக வேண்டும். நான் ஒரு இடத்தில் இதே கேள்விக்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மதியம் ஆகிவிட்டது.