கொல்லைப்புறத்தில் ஓர் உலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரும்பைக் காய்ச்சி அடிக்க, லாரியின் பழைய பிரேக் டிரம்மில் உலை அமைத்திருக்கிறேன். அடியில் 2 அங்குலக் குழாய், ஊதுவதற்குக் கையடக்க மின் ப்ளோயர். கரி மளமளவென்று தீர்கிறது. ஆனால் அரை அங்குலக் கம்பி செஞ்சிவப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பெரிய ப்ளோயர் வாங்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம், இருப்பதே அதிகம். மரக்கரிக்குத் துருத்தியின் மெல்லிய மூச்சு போதும். ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியில் எரிந்து முடியுமுன் இரும்பைப் போய்த் தொடும். கம்பி குளிரவும் செய்யும், மேலே செதில் பிடிக்கவும் செய்யும். அடிக்கும்போது சாம்பல் நிறச் செதில் பாளம் பாளமாக உதிர்கிறதா? அப்படியானால் கோளாறு இதுதான்.

ப்ளோயருக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு 'டீ' (T வடிவக் குழாய் இணைப்பு) பொருத்தி, அதன் பக்கவாயை வேண்டிய அளவு திறந்து மூட ஒரு தகரத் துண்டைச் செருகுங்கள். மிச்சக் காற்று அந்த வழியே போய்விடும். மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்க ஆசை வரும். அது விசிறியின் சுமைக்குச் செய்தது. ப்ளோயர் பல மடங்கு இழுக்கும், ரெகுலேட்டர் கருகிவிடும்.

அடுத்தது குழி. லாரி டிரம் அகலமானது. ஓரத்துக் கரி இரும்புக்கு உதவாமலே சாம்பலாகிறது. 3 பங்கு மணலும் 1 பங்கு களிமண்ணும் பிசைந்து பூசி, 7 அங்குல வாயும் 6 அங்குல ஆழமும் உள்ள கிண்ணமாகக் குறுக்குங்கள். பிடித்தால் பிடி நிற்கும் அளவு ஈரம் போதும். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பிறகு சிறு விறகுத் தீ. அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளக்கும். சிமென்ட் கலவை கூடவே கூடாது, சூட்டில் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

கரி நெல்லிக்காய் அளவில் இருக்கட்டும். தூளைச் சலித்து நீக்குங்கள், அது காற்றுவழியை அடைக்கும். துளைக்கு மேல் 4 அங்குலம் எரியும் கரி, அதன்மேல் கம்பி, கம்பிக்கு மேல் 2 அங்குலக் கரி. கம்பியைப் படுக்கையாக நுழைக்க வேண்டும். பலரும் ஈட்டிபோலக் கீழ்நோக்கிக் குத்துகிறார்கள். நுனி காற்றுவாயில் போய் நின்று தீய்ந்துபோகிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரி கிடைத்தால் வேறு தேட வேண்டாம். கனமான கரி, நின்று எரியும்.

கேள்வி: ஊதுகுழாய்க்கு வீட்டில் மீந்த ஜி.ஐ. குழாய் ஆகுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஆகாது. அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம்; 907 டிகிரியில் கொதித்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய் வாங்குங்கள்.

கேள்வி: பட்டறைக்கல் வாங்க வசதியில்லை. தண்டவாளத் துண்டு போதுமா? (சேலம் வாசகர்)

பதில்: போதும், ஆனால் ரசீது இல்லாத துண்டைத் தொடாதீர்கள். திருட்டு ரயில்வே சொத்தை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முறையாகக் கிடைத்தால் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். படுத்த தண்டவாளத்தின் மெல்லிய இடுப்பு அடிக்கு அடி துள்ளும். நிறுத்தினால் முழு எடையும் சுத்தியலுக்கு நேர்கீழே நிற்கும். தண்டவாளம் கிடைக்காவிட்டால், 4 அங்குலச் சதுர இரும்புக் கட்டி 10 அங்குல உயரத்துக்கு வாங்குங்கள். சுமார் 20 கிலோ வரும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் முட்டி மடக்கிய விரல்கள் தொடும் உயரத்தில், சுத்தியல் அடிக்கும் மேல்முகம் இருக்கட்டும்.

கேள்வி: கரியிலிருந்து கேஸுக்கு மாற விருப்பம். என்னென்ன வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: கத்திக்குச் சீரான சூடு வேண்டுமானால் மாறலாம். வளையம், கொக்கி என்று கோணல் உருவங்கள் செய்பவருக்குக் கரிதான் வசதி. கேஸ் உலையின் வாய்க்குள் அவை நுழையாது.

10 அங்குல விட்டமும் 12 அங்குல நீளமும் உள்ள இரும்பு உருளைக்குள் 1 அங்குலச் செராமிக் கம்பளி இரண்டு சுற்று. உள்ளே மிஞ்சும் 6 அங்குல வெளிக்கு முக்கால் அங்குல பர்னர் ஒன்று போதும். கம்பளியை அப்படியே விடாதீர்கள், அதன் இழை நுரையீரலுக்குக் கேடு. வெட்டும்போது என்95 முகக்கவசம், பிறகு மேலே தீக்களிமண் பூச்சு. இரும்போடு இரும்பைக் காய்ச்சி ஒட்டும்போது தூவும் வெண்காரம் (போராக்ஸ்) கம்பளியைக் கரைத்துவிடும். தரையில் தீச்செங்கல் பலகை போடுங்கள்.

வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தம் இந்த பர்னருக்குக் காற்றை இழுக்கப் போதாது. அளவுமானி வைத்த உயர் அழுத்த ரெகுலேட்டரும் 19 கிலோ வணிக சிலிண்டரும் வேண்டும். சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்த விதி இடம் தராது. வேலை நடுவே சிலிண்டர் பனித்து அழுத்தம் இறங்கினால், சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். எக்காரணம் கொண்டும் சூடுகாட்டாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தி, தண்ணீரில் தோய்த்ததும் விரிசல் விட்டுவிட்டது. ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது எண்ணெயில் தோயும் எஃகு. அரிவாள் அடிக்கும் கொல்லர் தண்ணீரில் தோய்க்கிறாரே என்பீர்கள். அவர் வாயை மட்டும் தொட்டு எடுக்கிறார், முதுகில் மிஞ்சும் சூடு திரும்பி வந்து வாயைப் பதப்படுத்துகிறது. முழுக்கத்தியையும் முக்கினால் அந்தச் சலுகை கிடையாது. அடித்து முடித்தபின் மூன்று முறை சிவக்கச் சூடேற்றிக் காற்றில் ஆறவிடுங்கள். பிறகு காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே போய், 50 டிகிரி வெதுவெதுப்புள்ள எண்ணெயில் தோய்ச்சல். ஆறியதும் தாமதிக்காமல் 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் முன்பே இருக்கலாம். வெட்டும்போதே மையப்பகுதித் துளையைச் சுற்றியுள்ள இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.