அமைதியாக இருந்த பிள்ளை 14 வயதில் ஏன் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். சில வார்த்தைகள்தான் பேசுவான். இத்தனை நாள் அமைதியாக இருந்தவன், நான்கு மாதமாகக் கன்னத்திலும் தலையிலும் ஓங்கி அடித்துக்கொள்கிறான். ராத்திரி இரண்டு மணி வரை தூங்குவதில்லை. ஆட்கள் இருக்கும்போதே கால்சட்டைக்குள் கை விடுகிறான், அவன் அப்பா கோபத்தில் அடித்துவிடுகிறார். ஆட்டிசம் முற்றிவிட்டது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பள்ளியில் மருந்து கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: அம்மா, ஆட்டிசம் முற்றுகிற நோய் இல்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். நன்றாக இருந்த பிள்ளை நாலே மாதத்தில் இப்படி மாறினால் அவனுக்குப் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, அது என்னவென்று தேடாமல் மருந்துப் பேச்சை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கன்னத்தில் அடித்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தக் கன்னம்? எப்போதும் ஒரே பக்கம்தானா? சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்கிறானா, பிடித்த முறுக்கைக்கூட ஒதுக்குகிறானா, பல் தேய்க்க வந்தால் கையைத் தட்டிவிடுகிறானா என்று இரண்டு நாள் கவனியுங்கள், முடிந்தால் டார்ச் அடித்துக் கடைவாயைப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இரண்டாவது கடைவாய்ப் பல் வரும், அதோடு சொத்தையும் இருந்தால் நமக்கே தாங்காது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் வலிக்கிற இடத்தையோ அதன் பக்கத்தையோ அடித்துக்கொள்வதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். காதில் சீழ், தலைவலி, நெஞ்செரிச்சல் எல்லாமே இப்படி வெளிப்படலாம். அப்புறம் மலச்சிக்கல். பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு என்று நாலைந்து பொருளை மட்டும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே சகஜம், ஆனால் 14 வயதுப் பையன் கடைசியாக எப்போது வெளிக்குப் போனான் என்பது பல வீடுகளில் யாருக்கும் தெரியாது.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அடித்துக்கொள்வதற்கு முன்னால் என்ன நடந்தது, எப்படி அடங்கினான் என்று எழுதி வையுங்கள், போனில் வீடியோவும் எடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு தொடங்க வாய்ப்புள்ள வயது இது. எல்லா வலிப்பிலும் கை கால் வெட்டி இழுக்காது. சில நொடி வெறித்துப் பார்க்கிறான், தொட்டாலும் திரும்புவதில்லை, வாயைச் சப்புக்கொட்டுகிறான், புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போகிறான் என்றால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். பள்ளியிலோ வேனிலோ டியூஷனிலோ யாராவது அவனை அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா? குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டால் ஒடுங்குகிறானா, உடம்பில் காயம் ஏதும் இருக்கிறதா? பேச முடியாத பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், தயங்காதீர்கள்.

சரி, கால்சட்டை விஷயம். மற்ற பையன்களுக்கு வருகிற அதே பருவம்தான் உங்கள் மகனுக்கும் வந்திருக்கிறது, ஆட்டிசம் அதைத் தள்ளிப்போடாது. முதலில் தொடை இடுக்கில் படர்தாமரையோ வியர்க்குருவோ இருக்கிறதா என்று பாருங்கள், ஜட்டி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், சில சமயம் வெறும் அரிப்பாகவே இருக்கும். அது இல்லையென்றால் அவன் செய்வது தப்பு இல்லை, இடம்தான் தப்பு. ஆகவே இடத்தைக் கற்றுக்கொடுங்கள். உங்கள் வீட்டு பாத்ரூம் கதவைப் போட்டோ எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கூடத்தில் கை போனதும் கத்தாமல் சிரிக்காமல் அந்தப் படத்தைக் காட்டி "பாத்ரூமில் மட்டும்" என்று சொல்லி அழைத்துப்போய் விடுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளட்டும். வீட்டில் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும், பாட்டி "சீ" என்பதும் அப்பா அடிப்பதும் நீங்கள் படம் காட்டுவதுமாக ஆளுக்கொன்று நடந்தால் அவனுக்கு ஒன்றும் புரியாது. அடி வாங்கினால் அப்பாவைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. இன்னும் நீங்கள்தான் குளிப்பாட்டுகிறீர்கள் என்றால் அதை அவர் கையில் கொடுங்கள், தானே சோப்புப் போட, மீசை வந்தால் மழிக்க, உடை மாற்றும்போது கதவைத் தாழிட அவர் சொல்லிக்கொடுக்கட்டும். தன் உடம்பை அடுத்தவர் தொடக் கூடாது என்பதும் இதிலிருந்துதான் அவனுக்குப் பழகும்.

தூக்கம் இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் தள்ளிப்போகும், உங்கள் மகனுக்குக் கொஞ்சம் கூடுதலாக. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், இரவில் போனை எடுத்துவிடுங்கள். தூக்கம் வரவைக்கும் மெலடோனின் மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் தர வேண்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அடங்கவில்லை, காயம் படும் அளவுக்கு அடித்துக்கொள்கிறான் என்றால் அப்போது மருந்துக்கு நான் எதிரி இல்லை. ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் இரண்டும் கடுமையான எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் குறைக்கும், ஆட்டிசத்தைக் குணமாக்காது. பசி கூடும், எடை ஏறும், தூக்கக் கலக்கம் வரும், ஆகவே குழந்தைகள் மனநல மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி எடை, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொண்டே போவார். நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருந்து வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், பள்ளி அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். இதற்கிடையில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்று நிரூபணம் ஆகவில்லை, நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.

இந்த வாரம் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். முன்கூட்டியே போன் செய்து மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லி, கூட்டம் இல்லாத காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாற்காலியின் படத்தை முந்தின நாளே காட்டுங்கள், வீட்டில் ஸ்பூனை வைத்து வாயைத் திறந்து பழக்குங்கள். முதல் தடவை சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால்கூடப் பரவாயில்லை, ஆனால் இரண்டாவது தடவையைத் தள்ளிப்போடாதீர்கள்.