போனில் யூஎஸ்பி சாமான்களை மாட்டுவது: மலைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் போன் சர்வீஸ் செய்கிறேன். ஓடிஜி அடாப்டர் (பென்டிரைவ், மவுஸ் மாதிரி யூஎஸ்பி சாமான்களை போனில் மாட்ட உதவும் குட்டி இணைப்பு) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கோத்தகிரி, கூடலூர், ஊட்டி, கொடைக்கானல் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே ஒன்று: "அடாப்டர் வேலை செய்யவில்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் அடாப்டர் மேல் தப்பு இருக்காது. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, புது ஓடிஜி வாங்கி பென்டிரைவ் மாட்டினேன். முதல் நாள் வந்தது. மறுநாள் போனில் எதுவுமே காட்டவில்லை. போன் ரியல்மி. அடாப்டர் போய்விட்டதா?

பதில்: போகவில்லை தம்பி. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் ஓடிஜிக்குத் தனி சுவிட்ச் இருக்கும். செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் இடத்தில் ஓடிஜி என்று அடியுங்கள், வந்துவிடும். பத்து நிமிடம் எதுவும் மாட்டாமல் இருந்தால் அது தானாகவே அணைந்துவிடும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. ஒவ்வொரு முறையும் ஆன் செய்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): தம்பி, அதே ஓட்டையில் சார்ஜரைச் சொருகினால் போன் கரண்ட் வாங்குகிறது. அடாப்டரைச் சொருகினால் கரண்ட் கொடுக்கிறது. எதைச் சொருகியிருக்கிறோம் என்று போனுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: நல்ல கேள்வி சார். யூஎஸ்பியில் எப்போதும் ஒரு பக்கம் எஜமான், மறுபக்கம் வேலையாள். கம்ப்யூட்டரோடு இணைத்தால் போன் வேலையாள். பென்டிரைவ் மாட்டும்போது போனே எஜமான் ஆக வேண்டும். இந்த இரட்டை வேஷத்துக்கான விதிகள் 2001ல் வந்தன. ஆண்ட்ராய்டில் இதற்கான வசதி 2011ல், 3.1 பதிப்பில் சேர்ந்தது.

பழைய மைக்ரோ யூஎஸ்பி பின்னில் நான்கு கம்பி போக ஐந்தாவதாக ஒரு முனை உண்டு. சாதாரண கேபிளில் அது எதிலும் படாமல் சும்மா இருக்கும். ஓடிஜி அடாப்டரில் மட்டும் அதை எர்த் முனையோடு சேர்த்திருப்பார்கள். போன் அதைப் பார்த்ததும் ஐந்து வோல்ட்டை வெளியே விட ஆரம்பிக்கும். இப்போதைய போன்களில் இருக்கிற டைப்-சி போர்ட்டில் இந்த வேலையை ஒரு குட்டி ரெசிஸ்டர் செய்கிறது. சிசி என்ற முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் 5.1 கிலோ ஓம் இருந்தால், எதிரே இருப்பது கரண்ட் கேட்கிற சாமான் என்று போன் புரிந்துகொள்ளும். பழுதான அடாப்டர் ஒன்றைக் கடையில் பிரித்துக் காட்டுகிறேன் வாருங்கள். உள்ளே அரிசி மணியைவிடச் சின்னதாக அந்த ரெசிஸ்டர், அப்புறம் நாலைந்து ஈயப்பொட்டு, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், வெறும் அடாப்டரில் விலை உயர்ந்தது, மட்டமானது என்று பெரிய வித்தியாசம் கிடையாது. மாட்டும்போது இறுக்கமாக நிற்கிறதா, ஆடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (கொடைக்கானல், வட்டக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்): ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் வைத்திருக்கிறேன். டேப்லட்டில் மாட்டினால் டிக், டிக் என்று சத்தம் வருகிறது, லைட் எரிகிறது, ஃபைல் எதுவும் வருவதில்லை. லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது.

பதில்: உடனே கழற்றுங்கள். அந்த டிக் டிக் சத்தம், உள்ளே தட்டு சுழலப் பார்த்து, கரண்ட் போதாமல் நின்று, மறுபடி சுழலப் பார்க்கிற சத்தம். அப்படியே விட்டுவைத்தால் டிஸ்க்குக்கு ஆகாது.

கணக்கு இதுதான். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுழலும் சின்ன ஹார்ட் டிஸ்க் கிளம்புகிற அந்த ஓரிரு நொடியில் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். ஓட ஆரம்பித்த பிறகு பாதி போதும். லேப்டாப் சமாளித்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றப் பார்க்கிற டேப்லட், போன் எல்லாம் கையை விரித்துவிடும். ஐபேடாக இருந்தால் அதிக மின்சாரம் தேவைப்படுகிறது என்று திரையிலேயே எழுதிக் காட்டும்.

வழி இரண்டு. தனி சார்ஜர் மாட்டும் யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் பெட்டி) வாங்கி, டிஸ்க்கை ஹப்பிலும் ஹப்பை டேப்லட்டிலும் மாட்டுங்கள். அப்போது டிஸ்க்குக்கு வேண்டிய கரண்ட்டைச் சுவர் பிளக் கொடுக்கும், டேப்லட் டேட்டாவை மட்டும் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். அதில் சுழலும் தட்டு கிடையாது, பெரும்பாலும் போன் கொடுக்கிற கரண்டிலேயே ஓடிவிடும். விருந்தாளிகள் கைபட்டு மேஜையிலிருந்து விழுகிற இடம் என்றால் எஸ்எஸ்டிதான் சரி.

கரண்ட் சரியான பிறகும் ஃபைல் வராவிட்டால் டிஸ்க்கின் ஃபார்மட்டை, அதாவது ஃபைல்களை உள்ளே அடுக்கி வைக்கிற முறையைப் பாருங்கள். விண்டோஸ்காரர்கள் வழக்கமாக என்டிஎஃப்எஸ்ஸில் வைத்திருப்பார்கள். பல ஆண்ட்ராய்டு சாதனங்கள் அதைப் படிக்காது. ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் ஒரு ஃபைல் நான்கு ஜிபியைத் தாண்டக் கூடாது. நீளமான படம் ஏறாது. உங்கள் டேப்லட் எக்ஸ்ஃபாட் படிக்குமானால் அதுதான் நல்லது.

கேள்வி (கூடலூர்): பறவைப் படம் எடுப்பவன். கேமரா கார்டை ரீடரில் போட்டு போனில் மாட்டினால் "கார்டில் கோளாறு, ஃபார்மட் செய்யவா" என்று கேட்கிறது. கேமராவில் படமெல்லாம் தெரிகிறது. 128 ஜிபி கார்டு.

பதில்: தம்பி, அந்தப் பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். முதுமலையில் காலையெல்லாம் காத்திருந்து எடுத்த படம் அத்தனையும் ஒரு தட்டில் போய்விடும். கார்டில் கோளாறு எதுவும் இல்லை. 32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டுகளைக் கேமரா எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மட் செய்யும். உங்கள் போனுக்கு அது படிக்கத் தெரியவில்லை, அதைத்தான் கோளாறு என்று சொல்கிறது. எக்ஸ்ஃபாட் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019ல்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முந்தைய போன்கள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு.

இப்போதைக்கு கார்டைக் கேமராவிலேயே விட்டு, கேமராவைக் கேபிளால் அடாப்டரில் இணையுங்கள். கேமராவின் மெனுவில் பிடிபி (கேமராவிலிருந்து படங்களை அனுப்பும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கார்டைப் படிப்பது கேமராவின் வேலை, போன் படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். ரீடரைவிட மெதுவாகத்தான் நகரும், ஆனால் வேலை நடந்துவிடும்.

கேள்வி (பந்தலூர்): போன் கீழே விழுந்து டச் செத்துவிட்டது. திரை தெரிகிறது, தொட்டால் நகரவில்லை. உள்ளே குழந்தை போட்டோ எல்லாம் இருக்கிறது அண்ணா.

பதில்: ஓடிஜி அடாப்டரின் உண்மையான அருமை இந்த இடத்தில்தான் தெரியும். சாதாரண கம்ப்யூட்டர் மவுஸை அடாப்டர் வழியாக மாட்டுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் திரையில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்து பேட்டர்ன் போட்டு லாக்கைத் திறந்து, படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிவிடுங்கள். டிஸ்ப்ளே மாற்றக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. நான் சர்வீஸ்காரன், நானே சொல்கிறேன்.

திரையே கறுப்பாகிவிட்டால் மவுஸ் மட்டும் போதாது. கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (அருவங்காடு): அப்பா கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு வீட்டிலேயே விரல்ரேகை எடுக்க ஒரு கருவி வாங்கி ஓடிஜியில் மாட்டினோம். லைட் எரிகிறது, ஆப் மட்டும் கருவி இல்லை என்கிறது.

பதில்: அக்கா, பென்டிரைவ் மாதிரி மாட்டியதும் ஓடுகிற சாமான் இல்லை இது. அந்தந்தக் கருவிக்கு அதன் கம்பெனி கொடுக்கிற ஆர்டி சர்வீஸ் என்ற தனி ஆப்பை பிளே ஸ்டோரில் இருந்து போட வேண்டும், கருவியும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய எல்0 ரகக் கருவியைத் தள்ளிவிட ஆள் இருப்பார்கள். இப்போது ஆதாருக்குக் கேட்பது எல்1 ரகம். பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், முடிந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜீவன் பிரமாணில் (மத்திய அரசின் உயிர்வாழ் சான்று சேவை) 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் இரண்டு ஆப்பும் போதும், அடாப்டரே வேண்டாம். நம் ஊர்க் குளிரில் வயதானவர்கள் விரல் வறண்டு ரேகை பதியாமல் அல்லாடுவதைவிட, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து போனைப் பிடிப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி (கட்டபெட்டு, சிறு தேயிலை விவசாயி): இலையில் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று பார்க்க யூஎஸ்பி மைக்ராஸ்கோப் வாங்கலாமா? போனில் ஓடுமா?

பதில்: ஓடும். யூவிசி வகை (யூஎஸ்பி கேமராக்களுக்கான பொது முறை) என்று போட்டிருப்பதை வாங்கி, யூஎஸ்பி கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற கேமரா ஆப்பில் அது வராது. பலர் அதைத் திறந்து பார்த்துவிட்டு ஓடவில்லை என்று திருப்பிவிடுகிறார்கள்.

ஆனால் தோட்டத்தில் நின்றபடி ஒரு கையில் இலை, ஒரு கையில் மைக்ராஸ்கோப், போனை எங்கே வைப்பது? இலையின் மேல்பக்கம் நரம்போரமாகச் செம்பழுப்புப் புள்ளி நகர்கிறதா என்று பார்க்கப் பத்து மடங்கு கைலென்ஸே போதும். மைக்ராஸ்கோப் வீட்டில் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொழுது போகும்.

கேள்வி (ஊட்டி): சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். ஐபேடில் மாட்ட என்ன வேண்டும்?

பதில்: டைப்-சி ஐபேட் என்றால் சாதாரண அடாப்டர். ஆப்பிளின் பழைய லைட்னிங் போர்ட் என்றால், சார்ஜர் மாட்டவும் இடம் உள்ள ஆப்பிள் கேமரா அடாப்டர். கீபோர்டுக்கு அதன் சொந்த பவர் அடாப்டரையே கொடுங்கள், ஐபேடிலிருந்து உறிஞ்ச விடாதீர்கள்.

கேள்வி (கொடைக்கானல், கல்லூரி மாணவி): பழைய பங்களாவில் பிஜி. கல் சுவரைத் தாண்டி வைஃபை வருவதில்லை. போனில் லேன் வயரை மாட்ட முடியுமா அண்ணா?

பதில்: முடியும் தங்கச்சி. யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்குங்கள். பெட்டியில் ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏஎக்ஸ்88179 சிப் என்று இருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டில் எடுத்துக்கொள்ளும். மாட்டியபின் மேலே வைஃபை படம் போய் வேறொரு குறி வரும். அது வந்தால் சரி.

கேள்வி (மஞ்சூர்): மழைக்கு மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு சார்ஜ் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம். இரண்டும் டைப்-சி என்றால் சி-க்கு-சி கேபிளே போதும். எது எதற்குக் கொடுக்கும் என்பதை போன்கள் தாமாக முடிவு செய்துகொள்ளும், தலைகீழாகப் போனால் நோட்டிபிகேஷனைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். வேகம் எதிர்பார்க்காதீர்கள். அவசர போன் பேசுகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

அதைவிட உபயோகமானது, யூஎஸ்பியில் சொருகுகிற குட்டி எல்இடி விளக்கு. ஒன்றேகால் வாட் விளக்கை அடாப்டர் வழியாக மாட்டினால், 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வைக்கும். பேச உதவாத பழைய போன் வீட்டில் இருந்தால் அதை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். மழையில் நனைந்த கையோடு எதையும் போர்ட்டில் சொருகாதீர்கள். ஈரமும் கரண்ட்டும் சேர்ந்தால் பின்கள் பச்சை பிடித்து அரித்துவிடும். ஈரம் என்று போன் எச்சரித்தால் வாய்ப்பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றுபடும் இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். அரிசி டப்பாவும் வேண்டாம், தூசி உள்ளே போய் உட்காரும்.

கேள்வி (வெலிங்டன்): டைப்-சி டு எச்டிஎம்ஐ வாங்கி டிவியில் மாட்டினேன். சிக்னல் இல்லை என்கிறது.

பதில்: உங்கள் போனின் மாடலைச் சொல்லவில்லை, இருந்தாலும் ஊகிக்கிறேன். டைப்-சி ஓட்டை இருந்தால் படமும் வரும் என்று அர்த்தமில்லை. படத்தை அந்த ஓட்டை வழியாக வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். சாம்சங் எஸ்8 முதலான எஸ் வரிசையில் உண்டு, ஐபோனில் 15 முதல் உண்டு. பதினைந்தாயிரம் ரூபாய் ரக ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் கிடையாது. பந்தலூர்த் தம்பிக்கும் இதே பதில்தான்: கறுத்த திரையை டிவியில் கொண்டுவர, போன் இந்த ரகமாக இருந்து, ஒரே ஹப்பில் எச்டிஎம்ஐயும் மவுஸும் மாட்ட இடம் இருக்க வேண்டும். மாடல் நம்பரை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.