ஒன்பதாவது இருக்கைக்கு ஒரு மூடி

கேள்வி: எம்.ஆர்.ஐ ஸ்கேனைப் பாதியில் நிறுத்தி, கையில் ஊசி வழியாக 'கான்ட்ராஸ்ட்' ஏற்றினார்கள். காடோலினியம் என்ற உலோகமாம். இனி, கட்டி இருக்கும் இடத்தைத் தானே மோப்பம் பிடித்து அங்கே மட்டும் பளிச்சிடும் மருந்து வரப்போகிறது என்கிறார் என் மைத்துனர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. முதலில் உங்களுக்கு ஏற்றியதைப் பார்ப்போம். காடோலினியம் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7 இருப்பதால் அது ஒரு குட்டிக் காந்தம். ஸ்கேனர் ரேடியோ அலையால் தண்ணீரின் ஹைட்ரஜனைக் கலைத்துவிடும்; காடோலினியத்தைத் தொட்டுவிட்டுப் போகும் தண்ணீரில் அது சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும், படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். ஆக ஸ்கேனர் பார்ப்பது தண்ணீரைத்தான், உலோகத்தை அல்ல. வெறும் காடோலினியம் விஷம் (கிட்டத்தட்ட கால்சியம் அயனியின் அளவுதான், அதனால் கால்சியத்தின் வேலைகளில் புகுந்து குழப்பிவிடும்), எனவே அதை ஒரு கரிமக் கூண்டில் பூட்டித் தருகிறார்கள். அயனியைச் சுற்றி 9 இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டைக் கூண்டு பிடித்துக்கொள்ளும், ஒன்பதாவதில் தண்ணீர் நொடிக்குப் பல லட்சம் முறை வந்து உட்கார்ந்து எழுந்து போகும்.

இந்த மருந்துக்குக் கட்டி, அமிலம் எதுவும் தெரியாது. ரத்தத்தோடு போகும், நாளம் கசியும் இடத்தில் தேங்கும், அவ்வளவுதான்.

உங்கள் மைத்துனர் சொல்வது அந்த ஒன்பதாவது இருக்கைக்கு மூடி போட்ட வகை. 2000-இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மீட் குழுவினர் காலக்டோஸ் சர்க்கரையையே மூடியாக வைத்தார்கள். பீட்டா காலக்டோசிடேஸ் நொதி இருந்தால் அது சர்க்கரையை வெட்டிவிடும், தண்ணீர் உள்ளே வரும், வெளிச்சம் கூடும். தவளைக் கருவில் செய்து காட்டினார்கள். எனக்கு இன்னும் பிடித்த வேதியியல் இதுதான். அப்புறம் கால்சியம், துத்தநாகம், அமிலத்தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் மூடிகள் வந்தன. ரத்தத்தின் பி.எச் (அமிலத்தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 7.4, பல கட்டிகளில் செல்களுக்கு வெளியே 7-க்கும் கீழே இறங்கும், அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே? ஓரிடம் இரண்டு மடங்கு வெளுத்தால், மூடி திறந்ததா, இல்லை மருந்தே அங்கே இரண்டு மடங்கு வந்து சேர்ந்ததா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக் குழாயில் எவ்வளவு ஊற்றினோம் என்று நமக்குத் தெரியும், உடம்பில் தெரியாதே! அதனால் சிலர் காடோலினியத்தோடு கதிரியக்க ஃபுளோரினையும் சேர்த்து, மருந்தின் அளவை, கதிரியக்கத்தை எண்ணும் பெட் ஸ்கேனில் தனியாக எண்ணி, வெளிச்சத்தை அதனால் வகுத்துப் பார்க்கிறார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் இரண்டு ஸ்கேனர் வேண்டும்.

இன்னொன்று, மூடி திறக்கலாம், கூண்டு திறக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய்க்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது; பிடி தளர்ந்த நீள்வடிவக் கூண்டுகளே அதில் பெரும்பாலும் மாட்டின, வளையக் கூண்டுகள் உறுதியானவை. ஸ்கேன் எடுக்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கேட்பது இதனால்தான். அடுத்த முறை உங்களுக்கு ஏற்றப்போவதும் அநேகமாக மூடி இல்லாத பழைய வகைதான், உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.