சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஹாலோவீன் கொண்டாட முடியுமா?

முடியும். நாங்கள் சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறோம். அக்டோபர் 31 சாயங்காலம் பேய் வேஷமெல்லாம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டிவிடும், கொண்டாடாமல் இருக்க எங்கள் பையன் விடமாட்டான். இரண்டு மூன்று வருடம் சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பரங்கிக்காய். முகம் செதுக்கி விளக்கு வைத்தால் நாலைந்து நாளில் உள்ளே பூஞ்சை பூத்து, வாய் உட்குழிந்து, பல் போன பாட்டி மாதிரி ஆகிவிடும். அதைக் குப்பையில் போட்டால் கிடங்கின் அடியில் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். எங்கள் டுபேஜ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 'பம்ப்கின் ஸ்மாஷ்' என்று நடத்துகிறார்கள். ஹாலோவீன் முடிந்து வரும் சனிக்கிழமை காயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உரமாகப் போய்விடும். சில இடங்களில் பிள்ளைகளே வீசி உடைக்கலாம். அவர்களுக்கு மிட்டாயைவிட அதில்தான் குஷி. மெழுகு, பெயிண்ட், ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது.

இப்போது நாங்கள் செதுக்குவதே இல்லை. முழுக்காய்க்குப் பழைய மூக்குக்கண்ணாடியும் குல்லாவும் மாட்டி உட்கார வைத்துவிடுகிறோம். நவம்பரில் அதுவே சாம்பாரிலும் கூட்டிலும் விழும். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நாரும் தண்ணீருமாக இருக்கும், ருசி கிடையாது. 'பை பம்ப்கின்' என்று சின்னதாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். விதையை உப்பு, மிளகாய்த்தூளில் பிரட்டி ஓவனில் வறுத்தால் ஒரு வேளைகூடத் தாங்காது.

கடையில் விற்கும் பஞ்சுச் சிலந்தி வலையை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு வருடம் செடிமேல் விரித்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு சிட்டுக்குருவி கால் சிக்கித் தலைகீழாகத் தொங்குகிறது. நகவெட்டிக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்துவிட்டேன், பறந்துபோனது. அன்றோடு வலைக்கு முழுக்கு. இப்போது எங்கள் வாசல் பேய் அப்பாவின் கிழிந்த வேட்டிதான். காற்றில் ஆடும்போது நிஜமாகவே பயமாக இருக்கிறது!

உடை விஷயம் சுலபம். கடை உடை பெரும்பாலும் பாலியஸ்டர், ஒரு ராத்திரிக்கு மேல் யாரும் போடுவதில்லை. தெருவில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். மிட்டாய் வாங்கப் பைக்குப் பதில் தலையணை உறை போதும், அமெரிக்கப் பிள்ளைகள் ரொம்ப காலமாகவே அப்படித்தான் போகிறார்கள்.

கொடுக்கும் மிட்டாயில்தான் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது கஷ்டம். நெர்ட்ஸ், டாட்ஸ் மாதிரி சின்ன அட்டைப்பெட்டியில் வருவதை வாங்குகிறேன். முறுக்கு சுட்டுக் காகிதப் பையில் போட்டுக் கொடுக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். அது நடக்காது. கடையில் ஒட்டிய உறை பிரியாமல் இருந்தால்தான் இங்கே பெற்றோர் பிள்ளைகளைத் தின்ன விடுவார்கள். முறுக்கை நாங்களே வாசற்படியில் உட்கார்ந்து தின்றோம்.